பதினெட்டாம் நாள் பொரித்த குஞ்சுகள்

மார்ச் 4

வீட்டில் இருப்பவருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணன் சுகம், அண்ணி சுகம். அங்கே நீங்களும் முப்பத்தாறு பெட்டைக்கோழிகளும் மரங்களும் சுகமா? இன்னொன்றின் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

சண்டை என்றால் எழுத்தில்தான், வாயால் கூடாது என்று கல்யாணமான மூன்றாம் மாதமே முடிவு செய்தவர்கள் நாம். இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டுக்குள் சீட்டு எழுதி, அரிசிப் பானை மூடிக்குக் கீழே வைத்துச் சண்டை போட்டோம். இந்த முறை தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே போன் செய்யாதீர்கள். எடுக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, 'சூப்பிரண்டு' என்று பெயர் வைத்து நீங்கள் கொஞ்சுகிற அந்தச் சேவல், ஒன்றரை வருஷமாக என்னைக் கண்டாலே பாய்கிறது. கெண்டைக்காலில் அதன் கால்முள் கிழித்த தழும்பு மட்டும் மூன்று இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடுவேன். போன வெள்ளிக்கிழமை இரண்டு தட்டு முட்டையோடு துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று உங்களைக் கூப்பிட்டேனே, நீங்கள் என்ன செய்தீர்கள்? முட்டை வேன்காரரோடு சேர்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "உன் நடைதான் அவனுக்குப் பிடிக்கல. என்னை ஒரு நாளாவது தொட்டிருக்கானா பாரு" என்றீர்கள். வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது இருக்கிற இடத்தில் நான் இருக்க மாட்டேன். அதுவா நானா என்று கேட்டதற்கு நீங்கள் கொய்யாமரத்தைப் பார்த்தீர்கள். அதனால்தான் பெட்டியைக் கட்டினேன்.

தண்ணீர்த் தொட்டியைத் தினம் கழுவுங்கள். வெள்ளைக்காரி முட்டையை வெளியே இட்டு மறைப்பாள், அத்திமரத்தடியில் தேடுங்கள்.

இப்படிக்கு,
நடை சரியில்லாதவள்

மார்ச் 10

கோபமாக இருப்பவளுக்கு,

நீ சுகமாகச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நானும் சுகம். பெட்டைகள் சுகம். நீ விசாரிக்காதவனும் சுகம். உனக்குச் சொல்லச் சொன்னான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சேவல் என்றால் காவல். உள்ளே யார் வந்தாலும் அது ஒரு பார்வை பார்க்கத்தான் செய்யும். நீ சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு தடதடவென்று போகிறாய், அவன் திருடி என்று நினைக்கிறான். நான் பார், இந்த ஆறு நாளாக உன் வேலையையும் சேர்த்துச் செய்கிறேன். எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடக்காத குறைதான். ஆபீஸில் மேலதிகாரிக்குப் பின்னால் குமாஸ்தா போவானே, அப்படி வருகிறான். அவனை நான் விடுவதாக இல்லை.

கோழி உன் இலாகா, மரம் என் இலாகா என்று பிரித்ததே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. கோழி வளர்ப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தீவனம் போட்டால் முட்டை வருகிறது.

கொய்யாப் பிஞ்சுகளுக்கு எல்லாம் காகித உறை கட்டிவிட்டேன். எலுமிச்சைக் கவாத்தை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன். கத்தரிக்கோலைச் சாணை பிடித்தாயிற்று. மாதுளை இந்த வருஷம் அள்ளிக் கொட்டும்.

உன் கோபம் தீரும்போது தீரட்டும்.

இப்படிக்கு,
ஒரு நாளும் கொத்து வாங்காதவன்

மார்ச் 18

குமாஸ்தா வைத்திருப்பவருக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

இங்கே நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. காலை ஏழு மணிவரை தூங்குகிறேன். யாரும் என்னைத் துரத்துவதில்லை. காலில் செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தட்டும் கேடயமாகப் பிடிக்காமல், ஒரு மனுஷி சுதந்திரமாக நடக்கலாம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அண்ணி பால்கனியில் பெயின்ட் டப்பாவில் ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறார். சும்மா இருக்க முடியாமல் கவாத்துச் செய்தேன். "இப்ப குச்சி மட்டும்தானே இருக்கு" என்று அண்ணி கேட்டார். துளிர்க்கும் என்று சொல்லியிருக்கிறேன். துளிர்க்காவிட்டால் நீங்கள்தான் பொறுப்பு, உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

கடை முட்டையின் மஞ்சள் கரு வெளுத்துப்போய் இருக்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் கவாத்து இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது. நீங்கள் சிரித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
யாராலும் துரத்தப்படாதவள்

ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

நலம். பதில் தாமதம். வேலை அதிகம். பேனா மாறிவிட்டது. எழுத்து சாய்ந்திருந்தால் அது பேனாவின் குணம்.

கவாத்து இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வருஷா வருஷம் வெட்டினால் மரத்துக்கும் மனசு விட்டுப்போகும். ஓய்வு கொடுப்போம்.

சூப்பிரண்டு வழக்கம்போல.

பஞ்சும் கட்டுத்துணியும் எந்த டப்பாவில் இருக்கின்றன? அவசரம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான். இன்னொன்று. சட்டைப் பித்தானை ஒரே கையால் போட வழி உண்டா? பேப்பரில் ஒரு புதிர் வந்தது.

நின்றுகொண்டே எழுதுகிறேன். இதோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 11

புதுப் பேனா வாங்கியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வலது கை சுகமா?

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு அண்ணி, "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதினதா?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக வலது பக்கம் சாய்ந்த எழுத்து பேனா மாறினால் இடது பக்கம் சாயுமா? சாயும்போலிருக்கிறது. எனக்கு என்ன தெரியும், நான் கோழி இலாகா.

பஞ்சு அலமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பக்கத்திலேயே களிம்பு. கட்டை ஈரமாக விடாதீர்கள். பித்தான் புதிருக்கு விடை: பனியன் போடுங்கள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அது உங்களைக் கொத்தியதா? கொத்தியது என்றால் கொத்தியது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். இதை நான் கோபமாகக் கேட்கவில்லை.

மொட்டைவால் அடைக்கு உட்காருகிற சமயம் இது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைமேலிருந்து எழுந்திருக்க மாட்டாள், அதுதான் அடையாளம். பதினோரு முட்டை வையுங்கள். நம் கோழி முட்டையாகவே இருக்கட்டும். சூப்பிரண்டு இருக்கும்போது குஞ்சுக்கு என்ன குறை?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருப்பவள்

ஏப்ரல் 21

அன்புள்ள உனக்கு,

நான் சுகம். இரண்டு கைகளும் சுகம். அண்ணன், அண்ணி சுகத்துக்கு எழுது.

கொத்தவில்லை. கொத்தவும் மாட்டான். உண்மையைச் சொன்னால் நீ போனதிலிருந்து சூப்பிரண்டு வேறு ஆளாகிவிட்டான். அப்படி ஒரு அடக்கம். விடியற்காலையில் அவன் கூவுவதே காதில் விழுவதில்லை. தீவனத்தில் அவன் பங்கு அப்படியே மிஞ்சுகிறது. நாள் முழுக்க எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, அவ்வளவு நல்ல பிள்ளை. நீ இப்போது பார்த்தால் இவனா அவன் என்பாய்.

நேற்று, திங்கட்கிழமை, மொட்டைவாலுக்கு அடை வைத்தேன். பதினோரு முட்டை, எல்லாம் நம்முடையவை. எத்தனை நாளில் பொரிக்கும் என்று சரியாக எழுது. வேண்டாம், எனக்கே தெரியும்.

வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. அத்தி பதினைந்து நாள் முந்திக்கொண்டு திரள்கிறது. கொய்யா உறைக்குள்ளேயே வாசம் வருகிறது. எல்லாமே முன்னாடி வருகிற வருஷம்.

இப்படிக்கு,
இரண்டு கைகளும் உள்ளவன்

ஏப்ரல் 28

இரண்டு கைகளும் உள்ளவருக்கு,

சுகம். சுகமா?

அடை வைத்து ஏழு நாள் தாண்டிவிட்டது. அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். சிவப்பாக நரம்பு ஓடினால் உள்ளே உயிர் பிடித்திருக்கிறது. நரம்பே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. பக்கத்தில் சேவல் இல்லாத கோழியின் முட்டை எல்லாம் அப்படித்தான் இருக்கும், எத்தனை நாள் அடை காத்தாலும் பொரிக்காது. உங்களுக்குத் தெரியாததா.

என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோழி இலாகா

மே 9

அருமை மனைவிக்கு,

நலம், நலம், நலம்! நீயும் நலமாக இரு, அண்ணன் அண்ணியும் நலமாக இருக்கட்டும்.

டார்ச்சில் பேட்டரி இல்லாமல் போனது. ஆனால் டார்ச்சுக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. நேற்று, வெள்ளிக்கிழமை, பதினோரு முட்டையும் பொரித்துவிட்டன! பதினொன்றுக்குப் பதினொன்று! ஒன்றுகூடப் பழுதில்லை. உன் கையால் வைத்து என்றைக்காவது முழுசாகப் பொரித்திருக்கிறதா, மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

நாள்கணக்கு கொஞ்சம் முந்திவிட்டது. பதினெட்டே நாள். அதற்கும் காரணம் இருக்கிறது. வெயில். அத்தி முந்திப் பழுக்கிறது, கொய்யா முந்திப் பழுக்கிறது, முட்டை மட்டும் என்ன பாவம் செய்தது? சூடு கூடினால் எதுவும் சீக்கிரம் முற்றத்தானே செய்யும்.

குஞ்சுகளைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பதினொன்றும் ஒரே அச்சு, மஞ்சள்பஞ்சு உருண்டைகள். மொட்டைவால் முதலில் திருதிருவென்று விழித்தாள், அப்புறம் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். சூப்பிரண்டு தூரத்திலிருந்து ஒரு தகப்பனுக்குரிய கம்பீரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்ததோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

கோழி இலாகாவையும் நானே பார்த்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இப்படிக்கு,
பதினொன்றுக்குப் பதினொன்று

மே 30

அன்புள்ள உனக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? அண்ணனுக்கு ஏதாவதா? தபால்காரரை வழியில் மறித்துக் கேட்டேன். "வந்தா குடுக்க மாட்டேனா சார்" என்று சலித்துக்கொண்டார். இப்போது நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

குஞ்சுகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டாய். இருபத்திரண்டு நாளில் ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாது. எழுந்து நடப்பதே அபூர்வம், தீவனத் தட்டிலேயே படுத்துக்கொண்டு தின்கின்றன. இப்போது மொட்டைவால்தான் அவற்றைக் கண்டு ஒதுங்குகிறாள். எல்லாம் சூப்பிரண்டின் வம்சம், அப்பனைக் கொண்டிருக்கின்றன.

அத்தி பழுத்துத் தீர்கிறது. பறவைகள் பாதி, வேன்காரர் பாதி. நான் சாப்பிடவில்லை. ஏனோ தனியாகப் பறித்துத் தின்ன மனசு வரவில்லை. மாதுளைக்கு முட்டுக் கொடுக்க இன்னொரு ஆள் பிடித்துக்கொண்டால் தேவலை. ஒருவன் கிளையைத் தூக்கிப் பிடித்து, அவனே கம்பும் நட வேண்டும் என்றால் எப்படி?

வெள்ளைக்காரி முட்டை மறைக்கும் இடத்தை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

சூப்பிரண்டு உன்னை விசாரித்தான்.

ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவன்

ஜூன் 5

என் கணவருக்கு,

நான் சுகம். அண்ணன் சுகம். எழுத முடியாமல் இல்லை, எழுதப் பிடிக்காமல் இருந்தேன்.

முட்டை பழம் இல்லை. வெயிலடித்தாலும் மழையடித்தாலும், கோழிமுட்டை பொரிக்க இருபத்தொரு நாள். பதினெட்டாம் நாள் பொரித்த முட்டையை இந்த உலகத்தில் கண்டவர் நீங்கள் ஒருவர்தான். திங்கட்கிழமை அடை வைத்தீர்கள். பொரித்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு யார் வருவார்? வேன்காரர். அவர் வண்டியில் முட்டை மட்டுமா இருக்கும்? பண்ணைக் குஞ்சும் பெட்டி பெட்டியாக இருக்கும்.

கறுப்பு, செம்பட்டை, புள்ளி என்று நம்மிடம் இருப்பது ஏழு நிறம். சூப்பிரண்டு நெருப்புச் சிவப்பு. இவர்களுக்குப் பதினொன்றும் மஞ்சளாகவா பிறக்கும்? இருபத்திரண்டு நாளில் முக்கால் கிலோ ஏறி, நடக்கச் சோம்பல்பட்டு, தட்டில் படுத்துத் தின்பது கறிக்கோழி. அப்பனைக் கொண்டிருக்கிறதாம், அப்பனை!

அப்படியானால் நம் முட்டை பொரிக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் பொரிக்காது? சேவல் இல்லை. கூவுவது காதில் விழவில்லை, தீவனம் மிஞ்சுகிறது, எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. இந்த மூன்று வரியில் ஒரு பொய்யும் இல்லை பாருங்கள்! அது போய் எத்தனை நாளாயிற்று? உங்கள் எழுத்து இடது பக்கம் சாய்ந்த நாளிலிருந்து என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சலோடுகூடக் கவாத்தை விடாதவர், மரத்துக்கு மனசு இருக்கிறது என்று எழுதினாரே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சேவல் போய்விட்டது என்று தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நான் சேவலுக்குப் பயந்து வரவில்லை. அது கோழி. அதற்கு அவ்வளவுதான் புத்தி. முள் குத்தியது ஒரு வாரத்தில் ஆறியது. கல்லின் மேல் நின்று கூப்பிட்டபோது நீங்கள் சிரித்தீர்கள், அது ஆறவில்லை. ஒன்றரை வருஷமாக வலிக்கிறது என்று சொன்னேன், என் நடையைக் குறை சொன்னீர்கள். உங்களுக்கும் நடந்த பிறகாவது ஒரு வரி எழுதுவீர்கள் என்று இருந்தேன். பதினோரு குஞ்சு வாங்கினீர்கள். அந்த ஒரு வரி வரவில்லை.

இன்னொரு வார்த்தையும் வரவில்லை. இந்த ஐந்து கடிதங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மாதுளைக்கு ஆள் வேண்டும் என்று இருக்கிறது. 'வா' என்று ஓரிடத்திலும் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் அண்ணன் வீட்டில் இருப்பவள்

ஜூன் 11

அன்புள்ள உனக்கு,

கை ஆறிவிட்டது. இதை வலது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துக்கொள். மற்றபடி நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் இருபது, வெள்ளிக்கிழமை. எலுமிச்சையில் முதல் மரத்தை மட்டும் கவாத்து முடித்துக் கீழே கிடந்த கிளைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பாய்ந்தான். முதல் அடி எங்கே விழுந்தது என்று எழுத மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் நின்றுகொண்டே சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். திரும்பிக் கையை நீட்டினேன், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் முள் இறங்கியது. நாலு தையல். ஓடிப்போய்த் தீவன டிரம் மேல் ஏறினேன். அவன் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றரை மணி நேரம்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ இல்லை என்பதே மறந்துபோய், உன் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் வேன்காரர் வந்தார். என்னைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, உங்க நடையும் சரியில்ல போலிருக்கே" என்றார். ரத்தம் முழங்கையில் வழிகிறது, அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போது வலியே தெரியவில்லை. இப்படித்தானே நானும் நின்றேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சாக்கில் கட்டி அவருக்கே கொடுத்துவிட்டேன். மறு வெள்ளிக்கிழமை அவர் மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். "எங்கேய்யா அவன்?" என்றேன். "அதை மட்டும் கேக்காதீங்கண்ணே" என்றார்.

கொத்து வாங்கிய அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, நின்றேன். 'நீ சொன்னதுதான் சரி' என்று எழுத வேண்டியிருந்தது. இடது கையால் அதை எழுதினால் எழுத்தே என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. கிழித்தேன். அப்புறம் ஒரு பொய் எழுதினேன், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்றப் பதினோரு கறிக்கோழி. அவை இப்போது ஒரு நாளைக்கு ஒரு மூட்டை காலி செய்கின்றன. போதும்.

நீ சொன்னதுதான் சரி. கொத்தியது. வலித்தது. நான் சிரித்தது தப்பு. நீ இங்கே இருந்திருந்தால் நான் கூப்பிட்ட முதல் சத்தத்துக்கே ஓடி வந்திருப்பாய். நீ சிரித்திருக்க மாட்டாய்.

வா.

மாதுளைக்காக இல்லை. கோழிக்காகவும் இல்லை. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்

ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் இனி நலமாகத்தான் இருப்பீர்கள்.

கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். மூன்று தடவை கூப்பிட்ட இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன். அப்புறம் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்த இடம்வரைக்கும்தான் என்னால் படிக்க முடிந்தது. மீதியை அண்ணி வாங்கிப் படித்தார், அவராலும் முடியவில்லை. அண்ணன் என்னவோ ஏதோ என்று சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

ஆகவே ஒரு திருத்தம். நான் ஓடி வந்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள், அது சரி. சிரித்திருக்க மாட்டேன் என்று எழுதியது தப்பு. முதலில் அதை விரட்டியிருப்பேன், உங்களை இறக்கியிருப்பேன், கட்டுப் போட்டிருப்பேன், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். அந்த வரிசைதான் முக்கியம். உங்களுக்கு அதுதான் தவறிப்போனது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழு மணிவரை தூங்குகிறேன் என்று எழுதியது பொய். தினமும் நாலரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? அண்ணி வீட்டு டப்பாக்களை எல்லாம் மூன்று முறை இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். அண்ணிக்கு உப்பு எங்கே என்று இப்போது தெரியாது. பாவம், என்னைக் கேட்டுத்தான் சமைக்கிறார்.

இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பஸ்ஸில் வருகிறேன். வேன்காரர் வரும் நாள் என்று தெரிந்துதான் வருகிறேன். அவரிடம் எனக்குப் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

கூடையில் ஒரு சேவல் கொண்டு வருகிறேன். பதறாதீர்கள். சேவல் இல்லாமல் குஞ்சு ஏது, வெயிலை நம்பிக்கொண்டு நான் இருக்க முடியாது. இங்கே சந்தையில் ஒருவரிடம் வாங்கினேன். அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஆள் பார்த்துக் கொத்துமா?" அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "அதெல்லாம் பாக்காதும்மா. வளர்த்த என்னையே விடல, என் வீட்டுக்காரியையும் விடல, எல்லாரும் ஒண்ணுதான் அதுக்கு" என்றார். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள். கூடை மூடி சரியாக நிற்பதில்லை. ஒருவர் தூக்க வேண்டும், ஒருவர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி